மாவட்ட சாரணர் சங்கத்தை வளர்க்க ஐந்தாண்டுத் திட்டம்: முழுமையான வழிகாட்டி

பல மாவட்டங்களில் சாரணர் இயக்கத்தின் ஆண்டுத் திட்டம் என்றால் ஒரு வரிதான்: 'இந்த ஆண்டு இத்தனை புதிய படைகள்.' (படை என்பது ஒரு பள்ளியின் சாரணர் குழு.) ஜூனில் சுற்றறிக்கை போகும், ஆகஸ்டுக்குள் எண்ணிக்கை ஏறும், அறிக்கை மேலே போகும். அடுத்த ஜூனில் பார்த்தால் அவற்றில் பாதி பள்ளிகளில் சீருடை மட்டும் அலமாரியில் இருக்கும். சேர்ந்த பிள்ளைகளுக்கு வருத்தம், பயிற்சிக்குப் போய்வந்த ஆசிரியருக்குச் சலிப்பு.

இந்த வழிகாட்டி பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் மாவட்டச் சங்கங்களை, குறிப்பாகத் தமிழ்நாட்டில் கல்வி மாவட்ட அளவில் செயல்படும் சங்கங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மாவட்டச் செயலர், அமைப்பு ஆணையர், பயிற்சி ஆணையர், பொருளாளர் என்று யார் படித்தாலும் வேலைக்கு உதவ வேண்டும் என்பது என் ஆசை. இதன் அடிப்படை ஒன்றுதான்: பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத் திட்டம் போடாதீர்கள், பயிற்சி பெற்று நிலைத்து நிற்கும் ஆசிரியர்களை வைத்துப் போடுங்கள். பிள்ளைகள் எப்போதும் தயாராகத்தான் இருக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் போய்க் கேட்டுப் பாருங்கள், கை தூக்காத பிள்ளை குறைவு.

படி 1: உயிரோடு இருக்கும் படைகளை எண்ணுங்கள்

பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையிலிருந்து தொடங்கினால் திட்டம் முழுவதும் தவறாகும். பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் கட்டிய படை எல்லாம் இயங்கும் படை அல்ல. எனவே முதல் மூன்று மாதம் புதிதாக எதையும் தொடங்காமல், ஒவ்வொரு பள்ளிக்கும் நேரில் போய்வர ஒதுக்குங்கள். ஆணையர் ஒருவரே எல்லாவற்றுக்கும் போக முடியாது. ஒன்றியவாரியாகப் பிரித்து, அனுபவமுள்ள சாரண ஆசிரியர்களிடம் ஆளுக்கு ஐந்தாறு பள்ளிகள் கொடுங்கள்.

போகும்போது தலைமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து கோப்பைப் பார்த்துவிட்டு வந்தால் பயனில்லை. வாராந்தரக் கூட்டம் நடக்கும் நாளில் போங்கள். முடிச்சுப் பயிற்சிக்கான கயிற்றைக் கேளுங்கள். கயிறு எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்து, அதுவே ஓடிப்போய் எடுத்து வந்தால் படை இயங்குகிறது. அந்தக் கயிற்றின் நுனி பிரியாமல் நூலால் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறதா, நடுப்பகுதி பயன்பட்டு மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கடையில் வாங்கிய சுருள் அப்படியே பிளாஸ்டிக் பைக்குள் இருந்தால் அந்தப் படை சுதந்திர தின அணிவகுப்புக்கு மட்டுமே இருக்கிறது. அப்புறம் அணித் தலைவரிடம் (படைக்குள் ஒரு சிறு குழுவை நடத்தும் பிள்ளையிடம்) 'போன வாரம் என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். அணித் தலைவர் பதில் சொல்லும் முன் ஆசிரியர் சொல்லத் தொடங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிப் பார்த்தபின் படைகளை மூன்றாகப் பிரியுங்கள்: தானாக இயங்குபவை, கைகொடுத்தால் எழுந்துவிடுபவை, பெயரளவில் இருப்பவை. மூன்றாவது பட்டியல் நீளமாக இருந்தால் மனம் தளர வேண்டாம். மறைக்கவும் வேண்டாம். 2020, 2021இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அணி அமைப்பே அறுந்துபோன படைகள் உண்டு. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் தொடர் அங்கே இன்னும் மீளவில்லை.

படி 2: ஏன் ஐந்து ஆண்டுகள்?

ஒரு பிள்ளை சாரணனாக வளரும் காலம் எவ்வளவோ, திட்டத்தின் காலமும் அதைத் தழுவியே இருக்க வேண்டும். நுழைவு நிலையான பிரவேஷுக்கு 3 மாதம், அடுத்தடுத்த படிநிலைகளில் பிரதம சோபானுக்கு 6 மாதம், துவிதிய சோபானுக்கும் திருதிய சோபானுக்கும் ஒன்பது ஒன்பது மாதம், பிறகு மாநில விருதான ராஜ்ய புரஸ்கார் என்று படிப்படியாக ஏற வேண்டும். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை எங்கும் தடங்கல் இல்லாமல் ஏறினால் ஆளுநர் கையொப்பமிடும் ராஜ்ய புரஸ்கார் சான்றிதழை வாங்க ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். குடியரசுத் தலைவர் விருதுக்கு அதற்கு மேலும் ஓர் ஆண்டு. அதற்குள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்து நிற்கும்.

ஆக, இன்று தொடங்கும் படை தன் முதல் ராஜ்ய புரஸ்கார் பிள்ளையைக் காண்பதே நான்காம் ஆண்டில்தான். ஓராண்டுத் திட்டத்தில் இந்தப் பலன் தெரியவே தெரியாது. அதனால்தான் எல்லோரும் எண்ணிக்கையின் பின்னால் போகிறார்கள். ஐந்தாண்டு என்று வைத்தால் ஒரு முழுத் தலைமுறைப் பிள்ளைகள் உள்ளே வந்து வெளியே போவதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் ஆண்டு கணக்கெடுப்புக்கும் பழுதுபார்ப்புக்கும், இரண்டும் மூன்றும் ஆசிரியர்களை உருவாக்க, நான்காவதும் ஐந்தாவதும் பரவலுக்கு. புதிய படைகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்குவது மூன்றாம் ஆண்டிலிருந்துதான். மேலதிகாரிகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

படி 3: ஆசிரியர்கள்

இங்கேதான் மாவட்டங்கள் எழுவதும் விழுவதும். இழப்பின் கணக்கை முதலில் போடுங்கள். எடுத்துக்காட்டுக்கு, இயங்கும் படைகள் 50 உள்ள ஒரு மாவட்டம். பணிமாறுதல், ஓய்வு, பதவி உயர்வு, மகப்பேறு விடுப்பு என்று ஆண்டுக்கு 6 படைகள் ஆசிரியர் இல்லாமல் நின்றுபோகின்றன. ஆண்டுக்கு 10 புதிய படைகள் தொடங்கினால் ஐந்தாண்டு முடிவில் 70. அதே பத்தைத் தொடங்கி, நிற்கும் படைகளை 6இலிருந்து 3ஆகக் குறைத்தால் 85. கூடுதலாக ஒரு படைகூடத் தொடங்காமல் 15 படைகள் கிடைக்கின்றன. புதிய படை தொடங்க ஏழு நாள் பயிற்சி, சீருடை, கொடி, பதிவு என்று எவ்வளவோ வேண்டும். நிற்கவிருக்கும் படையைக் காப்பாற்றப் பெரும்பாலும் இரண்டு தொலைபேசி அழைப்பும் ஒரு நேரடிச் சந்திப்பும் போதும், சரியான மாதத்தில் செய்தால்.

அந்தச் சரியான மாதம் மார்ச். பொது மாறுதல் கலந்தாய்வு கோடை விடுமுறையை ஒட்டி வரும். ஜூனில் பள்ளி திறந்த பிறகு 'எங்க சாருக்கு மாறுதல் ஆயிடுச்சு' என்று கேள்விப்பட்டால் ஓர் ஆண்டு போய்விட்டது என்று பொருள். மார்ச்சிலேயே எல்லா சாரண ஆசிரியர்களிடமும் 'மாறுதலுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? ஓய்வு எப்போது?' என்று கேட்டு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடப் பயனுள்ள பட்டியல் எந்த மாவட்ட அலுவலகத்திலும் இருக்க முடியாது. மாறுதலில் போகிறவர் போகும் பள்ளியில் படை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அவர் போகும் இடத்தில் ஒரு புதிய படை காத்திருக்கிறது. அந்தத் தலைமை ஆசிரியருக்கு ஜூன் முதல் வாரத்தில் கடிதம் போய்விட வேண்டும்.

அடுத்தது, ஒரு படைக்கு இரண்டு ஆசிரியர் என்ற விதி. முதலாமவர் இருக்கும்போதே இரண்டாமவரை அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்பிவிட வேண்டும். தலைமை ஆசிரியர்கள் இதற்கு எளிதில் சம்மதிப்பதில்லை. ஏழு நாள் வகுப்பு போகும் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சிறிய பள்ளிகளில் நாட்டு நலப்பணித் திட்டம், ஜூனியர் ரெட் கிராஸ், தேசிய பசுமைப் படை, சாரணர் எல்லாம் ஒரே ஆசிரியர் தலையில் விழுகின்றன. அப்படிப்பட்டவரையே மீண்டும் பிடிக்காமல், புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களையும், மாணவப் பருவத்தில் சாரணராக இருந்தவர்களையும் தேடுங்கள். ஆசிரியர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதில் யார் சின்ன வயதில் காக்கி போட்டு ஸ்கார்ஃப் கட்டியவர்?' என்று ஒரு கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். எதிர்பாராத கைகள் உயரும்.

அடிப்படைப் பயிற்சி முடித்தவரை அப்படியே விட்டுவிடுவதுதான் நம் மாவட்டங்களில் நடக்கும் பெரிய வீண். முகாமில் பாசறைத் தீயருகே பாடிவிட்டு உற்சாகத்துடன் திரும்புகிறவர் பள்ளியில் முதல் கூட்டத்தை எப்படித் தொடங்குவது என்று திகைத்து நிற்பார். பயிற்சி முடிந்த முதல் மாதத்துக்குள் பக்கத்துப் பள்ளியின் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் அவருடைய முதல் இரண்டு கூட்டங்களுக்கு உடன் இருக்க வேண்டும். இதற்கு நிதி வேண்டாம், அனுமதிக் கடிதம் ஒன்று வேண்டும். பிறகு அட்வான்ஸ்டு பயிற்சி, அதன்பின் அதற்கும் மேல்நிலையான ஹிமாலய உட் பேட்ஜ் என்று அவர் ஏறுவதற்கான ஆண்டையும் திட்டத்திலேயே பெயரோடு எழுதுங்கள். உட் பேட்ஜ் பெற்றவர்களில் கற்பிக்கும் ஆர்வம் உள்ள இரண்டு மூன்று பேரைப் பயிற்றுநர் நிலைக்குத் தயார்செய்யாத மாவட்டம் ஒவ்வொரு முகாமுக்கும் வெளியூர் ஆளைத் தேடிக்கொண்டே இருக்கும்.

படி 4: படைக்குள் வயது அடுக்கு

ஒரு படையில் 2 முதல் 4 அணிகள், அணிக்கு 6 முதல் 8 பேர். அதிகபட்சம் 32. இந்த 32ஐ எப்படி நிரப்புகிறோம் என்பதில் படையின் ஆயுள் இருக்கிறது. ஒரே ஆண்டில் எட்டாம் வகுப்பிலிருந்து 32 பேரைச் சேர்த்தால் இரண்டே ஆண்டில் 32 பேரும் ஒன்றாகப் போய்விடுவார்கள்; படை காலி. மாறாக, ஆண்டுதோறும் ஆறாம் வகுப்பில் 8 பேர். நான்கு ஆண்டில் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது வகுப்புகளில் எட்டு எட்டுப் பேராக 32 நிரம்பும். அணிகளை வகுப்புவாரியாகப் பிரிக்காமல், ஒவ்வோர் அணியிலும் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இரண்டு பேர் வையுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அணித் தலைவர், எட்டாம் வகுப்புப் பிள்ளை துணை. அடுத்த ஆண்டு தலைவர் விலகும்போது துணை தயாராக நிற்பார். 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் ஏறக்குறைய இருபது சிறுவர்களுடன் நடத்திய சோதனை முகாமிலேயே பிள்ளைகள் நான்கு அணிகளாகத்தான் பிரிக்கப்பட்டார்கள். ஒரே ஆசிரியர் 32 பேரையும் சமாளிக்க முடிவது அணித் தலைவர்களால்தான்.

பத்தாம் வகுப்பு வந்ததும் பெற்றோர் நிறுத்திவிடுவது தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் உள்ளது. அதோடு மோதாதீர்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை ராஜ்ய புரஸ்கார் வரை வந்திருக்கும்படி முகாம்களின் காலத்தை அமைத்துவிட்டால் அந்த ஓராண்டு இடைவெளி பெரிய இழப்பாகாது. பதினொன்றாம் வகுப்பில் அவர்களைத் திரும்ப அழைக்க மறக்காதீர்கள். பெரும்பாலான படைகள் அழைப்பதே இல்லை.

படி 5: முகாம் நாள்காட்டி

துவிதிய சோபான் தேர்வுக்குத் தயாராக இருக்கும் பிள்ளைக்கு அந்த ஆண்டு முகாமே நடக்கவில்லை என்றால், மேலே உள்ள எல்லாப் படிகளும் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். அந்தப் பிள்ளை ராஜ்ய புரஸ்காரை எட்டும் முன்பே பொதுத்தேர்வு வந்துவிடும். பிள்ளைகள் விட்டுப்போவதற்குச் சோம்பலைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

எனவே மாநில அளவில் நடக்கும் ராஜ்ய புரஸ்கார் தேர்வு முகாமிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அதற்குமுன் திருதிய சோபான், அதற்குமுன் துவிதிய சோபான் என்று தேதிகளைக் குறியுங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகள், பொங்கல் விடுமுறை, வடகிழக்குப் பருவமழை எல்லாவற்றையும் அந்தத் தாளில் முன்கூட்டியே அடையாளமிடுங்கள். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் கடலோர மாவட்டங்களில் கூடார முகாம் வைத்தால் மழையில் கலையும். ஆகஸ்ட், செப்டம்பர் முதல் பாதி, ஜனவரி பிற்பகுதி நல்ல காலம். தவறவிட்ட பிள்ளைகளுக்கு ஆண்டில் ஒரு துணைத் தேர்வு நாள் கட்டாயம் இருக்கட்டும்.

ஜாம்புரிகள் எனப்படும் சாரணர் பெருமுகாம்கள் உற்சாகத்தைப் பெருக்கும். 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் நடந்த வைரவிழா ஜாம்புரிக்கு வெளிமாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அப்படி ஒன்று நடந்த மூன்று மாதத்துக்குள் புதிய பள்ளிகளை அணுகுவது எளிது. செய்தித்தாளில் படத்தைப் பார்த்த தலைமை ஆசிரியர் கதவைத் திறந்தே வைத்திருப்பார்.

படி 6: புதிய படைகள் எங்கே?

வரைபடத்தை விரித்து இயங்கும் படைகளைப் புள்ளியிடுங்கள். வெற்றிடமாகத் தெரியும் ஒன்றியத்தில் உடனே தொடங்கத் தோன்றும். ஆனால் முதலில் வலுவான படைக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். உடன் இருந்து கைகொடுக்க ஆள் இருக்கும் இடத்தில்தான் புதிய படை வேர்பிடிக்கும். அப்படி மூன்று நான்கு படைகள் ஒரு கொத்தாக ஆனபின் அடுத்த ஒன்றியத்துக்கு நகரலாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் தனித் திட்டம் வேண்டும். சாரணியர் படைக்குப் பெண் ஆசிரியை வேண்டும், முகாமில் இரவு தங்கும் வசதி வேண்டும், கழிப்பறை வேண்டும். 'பொதுவாக வளர்ப்போம்' என்று விட்டால் பல மாவட்டங்களில் சாரணியர் எண்ணிக்கை பின்தங்கியே இருக்கும். ஆசிரியைகள் ஏழு நாள் வீட்டை விட்டு வர முடியாத நிலையில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் அன்றாடம் வந்துசேரக்கூடிய தூரத்தில் பயிற்சி இடத்தை அமைப்பதும், விடுமுறைக் காலத்தில் வைப்பதும் நம் கையில் இருக்கிறது.

தொடக்கப் பள்ளிகளில் குருளையர் (சிறுவர்), நீலப்பறவையர் (சிறுமியர்) படைகள் இருந்தால் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளை தயாராகவே வருவார். மறுமுனையில் 25 வயது வரை உள்ள இளைஞர் பிரிவுகளான திரி சாரணர், திரி சாரணியர். கல்லூரிகளில் இவர்களை வளர்ப்பது நேரடியாகப் படி 3க்குப் போய்ச்சேரும், பி.எட். படிக்கும் ஒரு திரி சாரணர் நாளைய சாரண ஆசிரியர். மாவட்டத்தில் உள்ள கல்வியியல் கல்லூரிகள் எல்லாவற்றிலும் ஒரு திரி சாரணர் படை என்பதை ஐந்தாண்டு இலக்காக வைப்பேன். பள்ளி சாராத திறந்த படைகளும் உண்டு. மாறுதல் தொல்லை அங்கே இல்லை. ஆனால் இடமும் பணமும் தாங்களே தேட வேண்டும்.

பழைய பள்ளிகளில் இன்னொரு வளம் இருக்கிறது. அன்னி பெசன்ட்டும் அவருடைய சகா ஜார்ஜ் அருண்டேலும் 1916இல் மதராஸில் இந்தியச் சிறுவர்களுக்கென்று சாரணர் சங்கம் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த மண்ணில் இயக்கம் இருக்கிறது. நூற்றாண்டு கண்ட பள்ளிகளின் சுவரில் பழைய சாரணர் படைப் புகைப்படம் தொங்கினால் முன்னாள் மாணவர் சங்கத்தைத் தேடிப் பிடியுங்கள். கூடாரத் துணி வாங்கித் தருபவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருவார்கள்.

படி 7: பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று தனிக் கணக்குத் தலைப்புகள்: ஆசிரியர் பயிற்சி, முகாம் பொருள்கள், இருப்பு நிதி. நவம்பர் 7 கொடி நாள் வசூலில் மாவட்டத்துக்கு வரும் பங்கு முதல் தலைப்புக்கே போகட்டும். முகாம் கட்டணத்தால் முகாமை நடத்துங்கள். அதில் மீதம் பிடித்து வேறு செலவு செய்யாதீர்கள். கூடாரம், பாத்திரம், கயிறு, மூங்கில் எல்லாம் மாவட்டத்துக்குச் சொந்தமாக ஒரே இடத்தில் இருந்தால் ஏழைப் பள்ளியும் முகாம் போக முடியும். ஆண்டுத் தணிக்கை அறிக்கையை எல்லாப் படைகளுக்கும் அனுப்புங்கள். கணக்கு தெரிந்த ஆசிரியர்தான் நாளை நன்கொடையாளரிடம் தயங்காமல் பேசுவார்.

படி 8: பிள்ளைகளின் பாதுகாப்பு

வளர்ச்சி வேகமாகும்போது முதலில் தளர்வது இதுதான். தளரவே கூடாததும் இதுதான். 2024இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி பெயரில் அனுமதியே இல்லாமல் நடந்த போலி முகாமில் மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமையை யாரும் மறந்திருக்க மாட்டோம். மாவட்டச் சங்கத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் சாரணர் பெயரில் எந்த முகாமும் நடக்கக் கூடாது. அந்த அனுமதியைச் சரிபார்க்க எந்த எண்ணை அழைப்பது என்று எல்லாத் தலைமை ஆசிரியர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முகாமில் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் தனியே அறையில் இருக்கக் கூடாது. பெண் பிள்ளைகள் தங்கும் இடத்தில் இரவு முழுவதும் பெண் தலைவர்கள். பெற்றோரின் எழுத்துச் சம்மதம், பிள்ளையின் மருத்துவக் குறிப்பு. ஆறு, கிணறு, குளம் எதிலும் இறங்கத் தடை. 'கொஞ்ச நேரம்தான் சார்' என்று கெஞ்சினாலும் தடைதான். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், புகார் வந்தால் மறைக்காமல் தெரிவிக்கும் கடமையும் அடிப்படைப் பயிற்சியிலேயே ஒரு முழு அமர்வாக இடம்பெற வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு படையில் இவற்றைச் செய்ய ஆளில்லை என்றால் அந்தப் படையை இந்த ஆண்டு தொடங்காதீர்கள்.

படி 9: ஆள் மாறினாலும் திட்டம் நிற்க

மாவட்டத்தில் ஆணையர் பொறுப்பு பெரும்பாலும் கல்வி அலுவலர்களிடம் இருக்கும்; அவர்களும் மாறுதலில் போவார்கள். ஒருவர் ஆர்வமாக இருந்த இரண்டு ஆண்டு எல்லாம் நடக்கும், அடுத்தவர் வந்ததும் எல்லாம் நிற்கும். இதைத் தவிர்க்கத் திட்டத்தை நான்கே பக்கத்தில் எழுதி, மாவட்டச் செயற்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். நீண்ட அறிக்கை வேண்டாம்; புதிதாக வரும் அதிகாரி காரில் போகும்போதே படித்து முடிக்க வேண்டும்.

அந்த நான்கு பக்கத்தில் ஆண்டுதோறும் பார்க்க வேண்டிய எண்கள் ஐந்து: இயங்கும் படைகள், இரண்டு ஆசிரியர் உள்ள படைகள், மாறுதலாலும் ஓய்வாலும் நின்ற படைகள், துவிதிய சோபானிலிருந்து திருதிய சோபானுக்கு ஏறிய பிள்ளைகள், இயங்கும் படைகளில் சாரணியர் படைகள் எத்தனை. மொத்த உறுப்பினர் எண்ணிக்கையை மேலே அனுப்பத்தான் வேண்டும், இணையப் பதிவிலும் அது தானாக வரும். ஆனால் செயற்குழுவில் முதலில் பேச வேண்டியது அதுவல்ல.

மறுஆய்வை ஜூன் இரண்டாம் வாரத்தில் வையுங்கள். அப்போது மாறுதல் பட்டியல் தெரிந்திருக்கும், ஆறாம் வகுப்புச் சேர்க்கை முடியும் நிலையில் இருக்கும். முந்தைய ஆண்டின் ஐந்து எண்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். நின்றுபோன படைகள் ஒவ்வொன்றுக்கும் காரணத்தைப் பெயரோடு பேசுங்கள். யார், எந்தப் பள்ளிக்கு, எந்த நாளில் போகிறார்கள் என்று முடிவெடுத்துக் குறிப்பேட்டில் கையொப்பம் வாங்கிவிட்டுக் கூட்டத்தை முடியுங்கள். கூட்டத்துக்கு அணித் தலைவர்கள் இரண்டு பேரையும் அழையுங்கள், ஒரு சாரணர், ஒரு சாரணியர். எந்த முகாம் பயனாக இருந்தது, எது வெறும் வரிசையில் நிற்பதாகப் போனது என்று அவர்கள் நேராகவே சொல்லிவிடுவார்கள்.